உயிர் தப்பினால் மட்டும் காணுமா? மார்பகப் புற்றுநோய்க்குப் பின்னரான வாழ்வு

முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு வந்த என் சித்திக்கு, மீள்குடியேறிச் சில ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் என்றார்கள். இடது மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. கீமோவும் கதிர்ச்சிகிச்சையும் முடிந்து வீடு திரும்பியவர், அன்றிலிருந்து பழைய சேலைத் துணியை மடித்து உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டுதான் வெளியே போகிறார். குனிந்தால் அது நழுவும். கலியாண வீடுகளில் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்துவிடுவார். கேட்டால், "உயிர் தப்பினதே காணும் பிள்ளை" என்பார்.

2009க்குப் பின்னர் எத்தனையோ இழப்புகளை நாம் இந்த ஒரு வசனத்தால் மூடியிருக்கிறோம். ஆனால் காலை இழந்தவரிடம் அப்படிச் சொல்லி விடவில்லை. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்துக்குக் கூட்டிப்போய்ச் செயற்கைக் கால் பொருத்தினோம். மார்பகத்தை இழந்தவளிடம் மட்டும் 'இந்த வயதில் அழகு எதற்கு' என்கிறோம்.

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது இந்தப் புற்றுநோய்தான். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மகரகமவுக்கு அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய ஆறுதல். ஆனால் உயிரைக் காப்பாற்றிய பிறகு அந்தப் பெண் எப்படி வாழ்கிறாள் என்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

அகற்றிய மார்பகத்தைச் சத்திரசிகிச்சையால் மீளமைக்கலாம். சிலிக்கன் பை வைப்பது ஒரு முறை. முதுகுத் தசையையோ வயிற்றுத் தோலையும் கொழுப்பையுமோ எடுத்து அமைப்பது மற்றொன்று. மார்பகத்தை அகற்றும்போதே செய்யலாம், பலருக்கு ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். மீளமைத்தால் நோய் திரும்பிவிடும் என்று ஊரில் சொல்வது வீண் பயம்.

இதில் பெண்களின் திருப்தியை அளக்க, 'பிரெஸ்ட்-கியூ' என்ற வினாக்கொத்து 2009இல் வெளியானது. வைத்தியரின் கணிப்பை விட்டுப் பெண்ணையே அது கேட்கிறது: கண்ணாடியில் உங்களைப் பார்க்க எப்படி இருக்கிறது? துணையுடனான நெருக்கம் எப்படி? நோ இருக்கிறதா? முன்கூட்டியே போதிய விளக்கம் தந்தார்களா? தன் உடலின் சதையால் மீளமைத்துக்கொண்டவர்கள், சிலிக்கன் பை வைத்தவர்களைவிடப் பொதுவாகக் கூடிய திருப்தியுடன் இருப்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டுகின்றன. கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களுக்குப் பையைச் சுற்றி இறுகிப்போகும் வாய்ப்பும் அதிகம்.

ஆனால் சதை எடுக்கும் முறை பெரிய சத்திரசிகிச்சை. தேற மாதங்கள் ஆகலாம். கிணற்றில் தண்ணீர் அள்ளி, விறகு சுமந்து, தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு முதுகுத் தசையின் பலம் சின்ன விடயமல்ல. பழைய உணர்ச்சியும் முழுதாகத் திரும்புவதில்லை. இதையெல்லாம் யோசித்து வேண்டாமென்று முடிவெடுத்து, நிறைவாக வாழும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அளவான, பாரம் சரியான செயற்கை மார்பகமும் அதற்குரிய உள்ளாடையும் கிடைத்தாலே போதும். எதுவென்றாலும், சத்திரசிகிச்சைக்கு முன்னரே அவளது மொழியில் ஒருவர் இருந்து விளங்கப்படுத்த வேண்டும். விளக்கம் கிடைக்காதவர்களிடமே பிற்பாடு மனவருத்தம் கூடுதலாகக் காணப்படுகிறது.

போன மாதம் இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். மடித்த துணியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"செய்யிறதோ விடுறதோ பிறகு. அண்டைக்கே ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"