இணையக் கடையும் இடையில் நிற்கும் கையும்

பலகாரம், பிறந்தநாட் கேக், சாரிச் சட்டை தைத்தல், மணவறைச் சோடனை என்று வீட்டிலிருந்தவாறே தொழில் தொடங்கும் எம்மவர்களைச் சவுத்தால், ஹேய்ஸ், கிரீன்போர்ட் பகுதிகளில் நாம் அனைவரும் அறிவோம். கைத்தொலைபேசியில் ஒரு படம், அதன் கீழ் ஒரு விலை, கடை திறந்தாயிற்று. பிரோட்வேயில் கடை வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத குடும்பங்களுக்கு இது நல்லதொரு வழிதான். ஆனால் வாங்குபவரின் பணம் விற்பவரின் கையை எவ்வழியாக வந்தடைகிறது என்று வினவினால், "மருமகன் ஏதோ ஒன்றைப் பதிந்து தந்தவர்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. மாவுக்கும் எண்ணெய்க்கும் நாலு கடை ஏறி இறங்கி விலை பார்ப்பவர்கள், வருமானம் முழுவதும் கடந்து வரப்போகும் நிறுவனத்தை மட்டும் ஒரே மாலைப்பொழுதில் தெரிவு செய்துவிடுகின்றனர்.

வாடிக்கையாளர் தமது அட்டை இலக்கத்தை இணையத்திற் பதியும்போது அப்பணம் நேரே உங்களிடம் வருவதில்லை. அட்டையை வழங்கிய வங்கி ஒரு பங்கையும், விசா அல்லது மாஸ்டர்காட் வலையமைப்பு ஒரு பங்கையும், உங்களுக்காகப் பணத்தைப் பெற்றுத்தரும் நிறுவனம் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்ட பின்னரே மிகுதி வந்து சேர்கிறது. இவற்றுள் வங்கிக்குரிய பங்கிற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டு உச்சவரம்பு விதித்தது. தனிநபரின் டெபிட் அட்டைக்கு 0.2 வீதம், கடனட்டைக்கு 0.3 வீதம். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும் உள்நாட்டு அட்டைகளுக்கு அவ்வரம்பு தொடர்கிறது. அதன் நன்மை எவரைச் சேர்ந்தது? கொடுப்பனவு முறைமைகளை மேற்பார்வை செய்யும் அமைப்பு 2021 நவம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கை, அது மிகப் பெரிய வணிகர்களுக்கே போய்ச் சேர்ந்தது என்றும், சிறிய, நடுத்தர வணிகர்களுக்கு அநேகமாகக் கிட்டவில்லை என்றும் கண்டது. திருநெல்வேலிச் சந்தையில் மூட்டையாக வாங்குபவனுக்கு ஒரு விலை, கிலோவாக வாங்குபவனுக்கு இன்னொரு விலை என்று பார்த்து வளர்ந்த எமக்கு இதில் வியப்பில்லை.

விளம்பரத்திற் பெரிய எழுத்தில் உள்ள வீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. ஸ்ரைப் நிறுவனம் பிரித்தானியாவின் சாதாரண அட்டைகளுக்கு 1.5 வீதமும், அதனோடு ஒவ்வொரு விற்பனைக்கும் 20 பென்சும் என்ற கட்டணத்தை அறிவித்து வந்துள்ளது. வேறு சில நிறுவனங்கள் நிலையான பென்ஸ் எதுவுமின்றி 2.5 வீதம் போன்ற ஒற்றை வீதத்தை அறவிடுகின்றன. முதலாவதே மலிவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 பவுணுக்கு ஒரு பெட்டி பற்றிஸ் விற்றால் முதலாவது முறையில் 29 பென்ஸ் போய்விடும். இரண்டாவதில் 15 பென்ஸ். 120 பவுணுக்கு ஒரு சாரி விற்றாலோ முதலாவதில் 2 பவுண், இரண்டாவதில் 3 பவுண். இரண்டும் சமப்படுவது 20 பவுணில். ஆகவே அயலவர் எதை வைத்திருக்கிறார் என்று கேட்டு அதையே பதிவது பயனற்றது. அவர் விற்பது சாரி, நீங்கள் விற்பது பற்றிஸ். கட்டணங்கள் மாறக்கூடியவை. பதியும் நாளில் நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ளதைப் பார்த்து, சென்ற மாத விற்பனைக் கொப்பியை வைத்துக் கணக்கிடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்திற் செய்து தரும்.

எம்மவர் வணிகத்துக்கே உரிய இன்னொரு செலவும் உண்டு. பாரிசில் இருக்கும் மகள் சவுத்தாலில் இருக்கும் தாய்க்குக் கேக் கொடுக்கச் சொல்லி அங்கிருந்தே பணம் செலுத்துகிறாள். ஐரோப்பிய அட்டைகளால் இணையவழியிற் பிரித்தானியக் கடைகளுக்குச் செலுத்தும்போது வங்கிக்குரிய பங்கை டெபிட் அட்டைக்கு 1.15 வீதமாகவும் கடனட்டைக்கு 1.5 வீதமாகவும் விசாவும் மாஸ்டர்காட்டும் உயர்த்தின. முன்னிருந்ததில் ஐந்து மடங்கு! உறவுகள் பல தேசங்களிற் சிதறியிருக்கும் எம்மைப் போன்றவர்கள் வெளிநாட்டு அட்டைக்குரிய வீதத்தையும் நாணய மாற்றுக் கழிவையும் தனியே கேட்டறிதல் வேண்டும்.

கட்டணத்தைவிடப் பெரிய விடயம், பணம் எப்போது கைக்கு வரும் என்பது. நான் அறிந்த குடும்பமொன்றில் தீபாவளிக்கு முந்திய இரு வாரங்களில் வழமையைப்போற் பல மடங்கு பலகாரம் விற்பனையாயிற்று. விற்பனை திடீரென ஏறியதைக் கண்ட நிறுவனம், கணக்கை ஆய்வுக்கு உட்படுத்துவதாகக் கூறிப் பணத்தை நிறுத்திவைத்தது. மாவும் நெய்யும் கடனுக்கு வாங்கியாயிற்று. உதவிக்கு வந்த பெண்கள் இருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் எவரும் இல்லை. மின்னஞ்சலுக்கு இயந்திரமே பதிலளித்தது. பணம் முழுவதும் பின்னர் வந்து சேர்ந்தது, உண்மை. அதற்குள் அந்தச் சகோதரியின் தாலிக்கொடி அடைவு கடைக்குப் போய்விட்டது.

இவ்வாறு நிறுத்திவைக்கும் உரிமையைப் பல நிறுவனங்கள் தமது நிபந்தனைகளில் எழுதியே வைத்துள்ளன. ஆகவே பண்டிகைக்கு முன்னரே விற்பனை உயரும் என்பதை அவர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு, கொடுத்ததற்கான சான்று ஆகியவற்றைப் பேணுங்கள். உணவு விற்பவர்கள் தொழில் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்னர் நகரசபையிற் பதிவு செய்தல் வேண்டும். சவுத்தாலுக்கு அது ஈலிங் நகரசபை. அதற்குக் கட்டணம் இல்லை. கேள்வி வரும்போது அந்தப் பதிவு உங்களுக்குத் துணை நிற்கும். தீராத முறைப்பாட்டை நிதிச்சேவைகளுக்கான குறைகேள் அதிகாரியிடம் இலவசமாகக் கொண்டு செல்லச் சிறு வணிகருக்கும் வழியுண்டு.

வந்த பணத்தை நிறுவனத்தின் கணக்கிலேயே சேர விடுவதும் நன்றன்று. ஜேர்மனியின் வயர்காட் நிறுவனம் 2020 யூனில் முறிந்தபோது, அதன் பிரித்தானியக் கிளையின் செயற்பாடுகளை இந்நாட்டு நிதி அதிகாரசபை சில நாட்கள் நிறுத்திவைத்தது. அக்கிளையின்மேல் இயங்கிய வேறு செயலிகளின் வாடிக்கையாளர்களும் தமது சொந்தப் பணத்தைத் தொட முடியாது தவித்தனர். மின்பணக் கணக்குகளுக்கு, வங்கி வைப்புக்கு உள்ளதைப் போன்ற ஈட்டுத்திட்டப் பாதுகாப்பு இல்லை. நாளாந்தம் வங்கிக்கு மாற்றும் ஒழுங்கைத் தெரிவு செய்யுங்கள்.

அடுத்தது பெயர். தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே என்ற எமது வழக்கம் இந்நாட்டின் படிவங்களுக்குப் புரிவதில்லை. கடவுச்சீட்டில் ஒரு ஒழுங்கு, வங்கியில் இன்னொரு ஒழுங்கு, 2024 முடிவில் வதிவிட அட்டைகள் காலாவதியாகியபின் வந்த மின்விசாவில் மூன்றாவது ஒழுங்கு என்று மூன்று ஆட்களாக வாழ்பவர்கள் எம்மிடையே உள்ளனர். கொடுப்பனவு நிறுவனத்தின் இயந்திரம் ஒருவரை மூவராகவே காணும், கணக்கைப் பூட்டும். தொழில் தொடங்குமுன் இவற்றை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். ஒற்றுமைப்படவில்லை என்பதற்காக மைத்துனர் பெயரில் கணக்குத் திறப்பது ஆபத்தானது. பணமும் வரிப் பொறுப்பும் அவருடையதாகவே பதிவாகும். புகலிட விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்குச் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். பிறர் பெயரில் நடத்தினாலும் அது மீறலே.

கடையில் வைக்கும் அட்டை இயந்திரத்தை வாடகைக்கு எடுப்போர் அறிய வேண்டியது: 2023 ஜனவரிக்குப் பின்னரான புதிய வாடகை ஒப்பந்தங்களின் ஆரம்பக் காலம், குறிப்பிட்ட பெரிய வழங்குநர்களைப் பொறுத்தவரை, 18 மாதங்களுக்கு மேற்படலாகாது. நாலைந்து ஆண்டுகளுக்குக் கையெழுத்துக் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

"அட்டை என்றால் 50 பென்ஸ் கூட" என்று எழுதி ஒட்டுவது தனிநபர் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை 2018 ஜனவரி 13 தொடக்கம் சட்டவிரோதம். குறைந்தது இவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று வரையறுக்கலாம். இந்தியாவில் கைத்தொலைபேசிச் சதுரக் குறியீட்டை வருடிச் செலுத்தும் யூபிஐ முறைக்குக் கடைக்காரரிடம் 2020 ஜனவரி தொடக்கம் வணிகர் கட்டணம் அறவிடப்படுவதில்லை. சென்னை சென்று வந்தோர் இங்கும் அப்படி ஏன் இல்லை என்கின்றனர். இங்கு அதற்கு நெருங்கியது வங்கிக்கு வங்கி நேரடியாக அனுப்புவது. தெரிந்தவர்களோடு நடத்தும் சிறு தொழிலுக்கு அதுவே போதும் என்பேன். ஒன்று மட்டும்: பணம் அனுப்பியதாகக் காட்டும் திரைப்படத்தைக் கண்டதும் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். போலிப் படம் தயாரிப்பது இன்று இலகு. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, தொகை வந்திருப்பதை நீங்களே கண்டபின் கொடுங்கள்.