எங்கட லப்டொப்பைக் கேள்வி கேட்கும் சட்டம், ஆயுதம் போகும் இடத்தைக் கேட்க வேண்டாமா?

இங்கே ஐ.டி., பொறியியல் துறைகளில் இருக்கும் நம்மவர்கள் சிலருக்கு அண்மையில் அலுவலகத்தில் ஒரு புதுப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். காரணம், 2024 செப்டம்பர் 1 நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு வர்த்தகக் கட்டுப்பாட்டுச் சட்டத் திருத்தம். அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தை அவுஸ்திரேலியாவுக்கு உள்ளேயே ஒரு வெளிநாட்டவரிடம் கொடுப்பதென்றாலும் இனி அனுமதி வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இருந்தால் சிக்கல் இல்லை. சில நாடுகளின் குடிமக்களுக்கு விலக்கும் உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. மீறினால் 10 வருடம் வரை சிறை.

இதைப் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. ஆபத்தான தொழில்நுட்பத்துக்குக் காவல் தேவைதான். ஆனால் பக்கத்து மேசைப் பெடியன் எந்த ஃபைலைப் பார்க்கிறான் என்று இவ்வளவு கவனமாகக் கேட்கும் அரசு, தான் அனுமதி கொடுக்கும் ஆயுதங்கள் எங்கே போகின்றன என்று பாராளுமன்றம் கேட்டால் ஏன் வாய் திறக்க யோசிக்கிறது?

2018இல் டேர்ன்புல் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. பத்து வருடத்துக்குள் உலகின் முதல் 10 ஆயுத ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக வர வேண்டும், அதற்கு 3.8 பில்லியன் டொலர் கடன் வசதி. விற்பனையை ஊக்குவிக்கும் அலுவலகத்தைப் பாதுகாப்புத் திணைக்களத்திலேயே வைத்தார்கள். ஏற்றுமதிக்கு அனுமதி கொடுக்கும் பிரிவும் அதே திணைக்களத்தில்தான். நாங்கள் எழுதிய கோட்டை நாங்களே ரிவியூ செய்து ரிலீஸ் பண்ண எந்த நல்ல கம்பெனியும் விடாது. இங்கே நடப்பது கிட்டத்தட்ட அதுதான்.

வெளியே இருந்து யார் பார்க்கிறார்கள்? செனட் மதிப்பீட்டு விசாரணைகளில் கிறீன்ஸ் செனட்டர் டேவிட் ஷூபிரிட்ஜ் போன்றவர்கள் துருவித் துருவிக் கேட்கிறார்கள். இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பவில்லை என்கிறது அரசு. எஃப்-35 போர் விமானத்துக்கு விக்டோரியாவில் செய்யும் பாகங்களைப் பற்றிக் கேட்டால், அவை உயிர்க்கொல்லிப் பொருட்கள் அல்ல என்று பதில் வருகிறது. எது ஆயுதம், எது வெறும் பாகம்? அனுமதிப்பத்திரம் மேசைக்கு வராத வரை இந்த வாதம் முடியப் போவதில்லை.

கிபிர் சத்தம் கேட்டுப் பதுங்கு குழிக்குள் ஓடியவர்களுக்கு, ஏற்றுமதி அனுமதி என்பது வெறும் காகிதம் இல்லை என்பது விளங்கும். அந்த விமானம் இலங்கையில் செய்ததில்லை. இஸ்ரேலில் இருந்து வந்தது.

பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஆயுத ஏற்றுமதியைப் பார்ப்பதற்கென்றே நான்கு குழுக்கள் சேர்ந்த ஒரு அமைப்பு 1999 முதல் இயங்கியது. நாடு, பொருள் வகை, பெறுமதி என்று உரிம விவரங்களை அந்த அரசு காலாண்டுக்கு ஒரு முறை வெளியிடுகிறது. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று மாதத்தில், 2009 ஓகஸ்டில், அந்தக் குழு தன் அறிக்கையில் இலங்கையைப் பற்றி எழுதியது. இலங்கைக்கான உரிமங்கள் எல்லாவற்றையும் மீளாய்வு செய்யுங்கள், நாங்கள் கொடுத்தவற்றில் எவை இந்தப் போரில் பயன்பட்டன என்று சொல்லுங்கள் என்று தன் அரசிடமே கேட்டது.

செத்தவர்களுக்கு அது காலம் கடந்த கேள்விதான். 2024இல் அந்த அமைப்பையும் கலைத்து, வேலையை வர்த்தகக் குழுவிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் கேட்பதற்கு அங்கே ஒரு இடம் இருந்தது, கையில் விவரமும் இருந்தது. அவுஸ்திரேலியாவில் இதற்கென்று ஒரு நிரந்தரக் குழு இன்றைக்கும் இல்லை. இத்தனைக்கும் 2013இல் ஐ.நா. ஆயுத வர்த்தக உடன்படிக்கையின் இறுதிப் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கியவர் அவுஸ்திரேலியத் தூதர் பீட்டர் வூல்கொட்.

இரகசியம், வணிக நலன் என்று காரணம் சொல்வார்கள். உளவு அமைப்பான ஏசியோவையே ஒரு பாராளுமன்றக் கூட்டுக்குழு மூடிய அறைக்குள் விசாரிக்கிறது. அதை விடவா இது பெரிய இரகசியம்? அதே மாதிரி ஒரு குழு அனுமதிப்பத்திரங்களை முழுசாகப் பார்க்கட்டும். பொதுமக்களுக்கு நாடு, பொருள், பெறுமதி, மறுத்த விண்ணப்பங்கள் என்ற நான்கு விவரமாவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரட்டும்.

வென்ட்வேர்த்வில், டூங்கபி, டன்டினோங் பக்கம் எங்கட பொங்கல் விழாக்களுக்கு எம்.பி.மார் வருகிறார்கள், பொன்னாடை போட்டு படம் எடுக்கிறோம். இனி வரும்போது இந்தக் குழுவுக்கு நீங்கள் ஆதரவா இல்லையா என்று கேளுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டால் இன்னும் நல்லது. பதிலை எழுதி வைத்திருங்கள், அடுத்த தேர்தலில் தேவைப்படும்.