பத்தாயிரம் கை போதாது

பெங்களூரில் புள்ளியியல் கற்பிக்கிறேன். ஆன்லைன் போக்கர் ஆடத் தொடங்கிய மாணவர்கள் சிலர் என்னிடம் கேட்டது இதுதான்: “சார், ரெண்டு மாசமா லாபம்தான். பெரிய டேபிளுக்குப் போகலாமா?” கூடாது என்பேன். உபதேசம் எதுவும் வேண்டாம், கணக்கே போதும்.

கட்டாயப் பந்தயம் ஒரு ரூபாய்–இரண்டு ரூபாயாக உள்ள மேசையில் உட்கார வழக்கமாக 200 ரூபாய் வேண்டும். ஓரளவு நன்றாக ஆடுபவர் நூறு கைக்குச் சராசரியாக 10 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே நூறு கையில் சீட்டின் அதிர்ஷ்டம் மட்டுமே சாதாரணமாக 200 ரூபாய் அளவுக்கு ஏற்றி இறக்கும். பத்தாயிரம் கை ஆடினால் திறமை தருவது 1,000 ரூபாய். அதிர்ஷ்டத்தின் ஊசலாட்டம் கைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும்; அப்படியும் அது 2,000 ரூபாய். தோற்க வேண்டிய ஆட்டக்காரர்கூட லாபத்தில் நிற்கலாம். மணிக்கு 70 கை, தினம் இரண்டு மணி நேரம் என்றால் பத்தாயிரம் கைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மாணவர்கள் நம்பும் லாபம் இந்த அளவு ஆட்டத்தில் வந்ததுதான். திறமை ஓரளவு துலங்க ஒரு லட்சம் கையாவது வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டுகள்.

அனுபவசாலிகள் இன்னொரு விதி சொல்வார்கள்: உட்காரும் தொகையைப் போல் 20, 30 மடங்கு கையில் இருந்தால் மேலே போகலாம். இரண்டு–ஐந்து ரூபாய் மேசைக்கு அது 10,000 முதல் 15,000 ரூபாய். இந்த விதி ஒரேயடியாக ஓட்டாண்டியாகாமல் காக்கும். நீங்கள் நல்ல ஆட்டக்காரரா என்பதைச் சொல்லாது. மேல் மேசையில் எதிராளிகளும் தேர்ந்தவர்கள்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குக் கர்நாடக அரசு 2021இல் விதித்த தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14 அன்று ரத்து செய்தபோது, திறமை ஆட்டத்தைச் சூதாட்டமாகக் கருத முடியாது என்றது. போக்கரில் திறமை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அது வெளிப்பட இரண்டு ஆண்டுகள் ஆகும். அறை வாடகையோ மாதம் பிறந்ததும் கேட்கும். முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் இந்த இடைவெளியில்தான் கடனில் விழுகிறார்கள்.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை வழங்குவதையே தடுக்கிறது. இதை வரவேற்கிறேன். போக்கரை நேசிப்பவர்கள் பணமில்லாத சிப்ஸ் வைத்து ஆடிக் கணக்குப் பழகட்டும். வெளிநாட்டுத் தளங்களின் பக்கம் போகவே வேண்டாம்; ஏமாந்தால் பணத்தைக் கேட்டு வாங்க அங்கே வழி கிடையாது.

சட்டத்துக்கு எதிரான வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றுள்ளன. நாளை இந்த ஆட்டங்கள் திரும்பினால் அரசு ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும். பெரிய மேசை திறக்கும் முன், இதுவரை ஆடிய கைகள், நிகர லாப நஷ்டம், நிறுவனம் எடுத்த கமிஷன், அதிர்ஷ்டத்தால் நேரக்கூடிய ஏற்ற இறக்கம் நான்கும் திரையில் தெரிய வேண்டும். நிறுவனங்களிடம் இருக்கும் கணக்கு, பணம் போடுபவர் கண்ணிலும் பட வேண்டும்.