கணினிப் பக்கம்: கறுப்புத் திரையின் நல்ல கருவிகள்



2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழமையான ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் இல்லாத கணினிகளை ஏற்பதில்லை. ஆகவே, நன்கு ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ வீட்டுக் கணினிகள் ஒரே நாளில் 'பழையவை' ஆகிவிட்டன. பிள்ளைகளின் படிப்புக்கென்று வாப்பா வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய கணினி, விசைப்பலகையின் எழுத்துகூடத் தேயாத நிலையில் இருக்கிறது. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதா?

வேண்டியதில்லை. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அதில் நிறுவிக்கொண்டால் அது இன்னும் சில ஆண்டுகள் நன்றாகவே உழைக்கும். புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. மிகப் பழைய கணினியாயின் அதன் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பை எடுத்துக்கொள்க. யு.எஸ்.பி. குச்சியில் பதிந்து, கணினியில் உள்ள எதையும் தொடாமலே சில நாள் ஓட்டிப் பார்க்கவும் இயலும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் இல்லங்களில் உள்ள மென்பொருள்களில் பல விலை கொடுத்து வாங்கியவை அல்ல. கடைக்காரர் 'போட்டுக் கொடுத்தவை'. பிறர் உழைப்பை அவர் அனுமதியின்றி எடுத்துக்கொள்வது பற்றி நாம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது ஒன்று. கணினியில் நாமே செய்வது மற்றொன்று. கட்டற்ற மென்பொருளில் இந்த நெருடலுக்கு இடமில்லை. பயன்படுத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம், திருத்தியும் கொள்ளலாம் என்று ஆக்கியோரே உரிமம் எழுதித் தந்துள்ளனர்.

அன்றாட வேலைகளுக்கு உரிய மென்பொருள்களைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டா. கடிதம், கணக்கு, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். தமிழோடு அரபு எழுத்தையும் ஒரே பக்கத்தில் சேர்ப்பவர்கள், அதன் மொழி அமைப்பில் வலமிருந்து இடமாக எழுதும் வசதியை முதலில் இயக்கிக்கொள்ள வேண்டும். படங்களைத் திருத்த 1996 முதல் வழங்கிவரும் ஜிம்ப் உண்டு. பயான் ஒலிப்பதிவு, பழைய நிக்காஹ் ஒளிப்படம் எதுவாயினும் திறந்து காட்டுவதற்கு வி.எல்.சி. இருக்கிறது. பாரிஸ் நகரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தொடங்கிய முயற்சி அது. அந்த ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பின் அடியில் இன்றுவரை ஒரு விளம்பரமும் வந்ததில்லை.

இவ்வளவோடு நின்றுவிடுவோர் பலர். ஆயின், லினக்ஸின் உண்மையான செல்வம் 'முனையம்' எனப்படும் கறுப்புத் திரையில்தான் உள்ளது. அங்கே சுட்டியால் சொடுக்குவதில்லை. கட்டளையை எழுத்தால் எழுதுகிறோம். பார்த்த மாத்திரத்தில் அச்சம் தருவது அது என்பதில் ஐயமில்லை. ஓர் எடுத்துக்காட்டால் அந்த அச்சம் சிறிது குறையலாம்.

ஒரு மளிகைக் கடையின் கடன் பற்று ஏடு சாதாரண எழுத்துக் கோப்பாகக் கணினியில் உள்ளதென்று கொள்வோம். வரிக்கு ஒரு பற்று: பெயர், காற்புள்ளி, நாள், காற்புள்ளி, தொகை. கணக்கு எழுதியவர்கள் மூவர். ஒருவர் 'முஹம்மது' என்று எழுதுவார், மற்றவர் 'முகம்மது' என்பார், மூன்றாமவர் 'முகமது' என்று முடித்துவிடுவார். அப்பெயருடையோர் பற்றுகள் அனைத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். தாள் ஏடாயின் அரை நாள் வேலை. 'கிரெப்' என்னும் கருவியிடம் மு[ஹக]ம என்று கொடுத்தால் போதும். 'மு என்ற எழுத்து, அடுத்து ஹ அல்லது க, அடுத்து ம' என்பது அதன் பொருள். மூவர் எழுதிய வரிகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் திரையில் வந்து நிற்கும்.

கூடவே ஆறுமுகமும் சண்முகமும் வந்து நிற்பார்கள்! அவர்கள் பெயரிலும் அந்த மூன்று எழுத்துகள் அவ்வாறே அமைந்துள்ளன அல்லவா? கருவியின் மேல் குற்றமில்லை. கேட்டதை அப்படியே கொடுத்தது. வந்த வரிகளை மீண்டும் ஒரு கிரெப்புக்கு அனுப்பி, 'முகம்' என்பதை அடுத்து உடனே காற்புள்ளி வரும் வரிகளைத் தள்ளிவிடு என்றால், அவ்விருவரும் விலகிக்கொள்வர். எஞ்சியதை 'சார்ட்' என்னும் கருவி வரிசைப்படுத்தும். 'அவ்க்' என்பது தொகையைக் கூட்டித் தரும்.

ஒரு கருவியின் விடையை மற்றொரு கருவியின் கையில் கொடுக்கும் இம்முறைக்குக் 'குழாய்' என்று பெயர். விசைப்பலகையில் உள்ள ஒரு செங்குத்துக் கோடுதான் அதன் அடையாளம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டக் மெக்கில்ராய், தோட்டத்து நீர்க்குழாய்களைப் போல நிரல்களை இணைக்க வேண்டும் என்று 1964-லேயே எழுதிவைத்தார். கென் தாம்ப்சன் 1973-இல் அதை யூனிக்ஸில் செய்து முடித்தார். கிரெப்பும் தாம்ப்சன் ஆக்கியதே. 'முழுவதும் தேடு, பொருந்தும் வரியை அச்சிடு' என்று ஒரு பழைய கருவியில் கொடுக்கும் கட்டளையின் சுருக்கமே அதன் பெயராயிற்று. நம் கணினியில் இருப்பது, 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தினர் புதிதாக எழுதிய கிரெப் ஆகும். ஒரு வேலையை மட்டும் செம்மையாகச் செய்வது என்னும் கொள்கை மட்டும் இந்த ஐம்பது ஆண்டுகளில் மாறவில்லை. ஆண்டுதோறும் பொத்தான்களை இடம்மாற்றிவைக்கும் மென்பொருள்களால் அலுத்துப்போனோர்க்கு இதன் அருமை புரியும்.

எழுதவும் திருத்தவும் உதவும் கருவிகளுள் பழகியோர் விட மறுப்பது 'விம்'. பழகாதோர் அதற்குள் நுழைந்துவிட்டு வெளியேற வழி தெரியாமல் தவிப்பது உலகறிந்த வேடிக்கை. (எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளியும் ஆங்கிலக் கியூ எழுத்தும் வியப்புக்குறியும் இட்டு எண்டர் தட்டினால் வெளியே வந்துவிடலாம், எழுதியது சேமிக்கப்படாது.) அதில் எழுத்துகளினூடே நகர்வதற்கு அம்புக்குறிகளுக்குப் பதிலாக எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளைப் பயன்படுத்துவர். இதற்கொரு காரணம் உண்டு. விம்முக்கு மூதாதையான 'வி.ஐ.' என்னும் கருவியைப் பில் ஜாய் என்பவர் 1976-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதினார். அவர் கையாண்ட ஏ.டி.எம்.-3ஏ என்னும் முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. முனையம் மறைந்து, பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. கையை விசைகளின் நடுவிலிருந்து எடுக்காமலே எழுதிக்கொண்டு போக முடிவதால், அப்பழக்கம் பழுதானதும் அன்று.

விம்மை ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டின் பிராம் மோலனார். தம் அமீகா கணினிக்கு வி.ஐ. போன்ற நல்ல கருவி கிடைக்காததால் 1988-இல் இவ்வேலையைத் தொடங்கி, 1991-இல் பொதுமக்களுக்கு வெளியிட்டார். 1994-இல் அவர் உகாண்டாவின் தென்பகுதியில் உள்ள கிபாலே என்னும் இடத்துக் குழந்தைகள் இல்லத்துக்குத் தொண்டராகச் சென்று, நீர் வழங்கலையும் துப்புரவையும் கவனிக்கும் பொறியாளராகப் பணியாற்றினார். எய்ட்ஸ் நோய் பெற்றோரைப் பறித்துக்கொண்ட பிள்ளைகள் நிறைந்த ஊர் அது. திரும்பி வந்தபின் அக்குழந்தைகளுக்காக ஒரு நிதியமைப்பைத் தொடங்கினார். தம் மென்பொருளுக்கு விலை கேட்கவில்லை. பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். விம்மைத் திறந்தவுடன் முகப்பில், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு வேண்டும் ஒரு வரி பல்லாண்டுகளாக இடம்பெற்றுவந்தது. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ நிரலாளர்கள் காலையில் வேலையைத் தொடங்கும்போது முதலில் கண்ணிற் பட்டது அந்த வரிதான். ஒரு மென்பொருளின் நெற்றியில் எழுதுவதற்கு அதனினும் சிறந்த விளம்பரம் உண்டா என்று எமக்குத் தோன்றவில்லை.

மோலனார் 2023 ஆகஸ்டு 3-ஆம் நாள் தம் 62-ஆம் வயதில் காலமானார். கருவி அவரோடு மறையவில்லை. உடன் உழைத்துவந்த சிலர் பொறுப்பை ஏற்று, 2024 சனவரி 2-ஆம் நாள் 9.1 பதிப்பை அவர் நினைவுக்கு உரித்தாக்கி வெளியிட்டனர்.

இல்லத்தரசிகளும் கற்றுக்கொள்ளத்தக்க கருவி ஒன்றுண்டு, அது 'ஆர்சிங்க்'. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்டது. குழந்தையின் முதல் படங்கள், மறைந்த நன்னாவின் குரல், வீட்டுப் பத்திரத்தின் படி ஆகியவை ஒரே வன்வட்டில் இருப்பது பெரும் ஆபத்து. ஆர்சிங்க் அவற்றை வேறொரு வட்டுக்குப் படியெடுக்கும். மறுமுறை ஓட்டும்போது புதிதாகச் சேர்ந்ததையும் மாறியதையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும். இணைய வழி அனுப்பும்போது, ஒரு பெரிய கோப்பின் மாறிய பகுதியை மட்டும் பிரித்து அனுப்பும் திறமும் அதற்கு உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். கோப்புறையின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு இட்டால் உள்ளிருப்பவை மட்டும் போகும்; இடாவிட்டால் கோப்புறையே போய் அமரும். இதைக் கவனியாமல் குழம்பாதவர் இல்லை. அதனினும் முக்கியமானது 'டிலீட்' என்னும் விருப்பக் கட்டளை. மூலத்தில் இல்லாதவற்றை அது படியிலும் அழித்துவிடும். வெறுமையான வட்டை மூலமாகக் காட்டிவிட்டால், மிஞ்சியிருந்த ஒரே படியும் போயிற்று. எனவே முதலில் 'என்' என்னும் எழுத்தைச் சேர்த்து ஒத்திகை பார்க்க வேண்டும். எதையும் மாற்றாமல், என்னென்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் அது சொல்லும்.

இவையெல்லாம் இலவசம் என்று மகிழும்போது, இவற்றைக் காத்துவருவோர் யாவர் என்னும் கேள்வியும் எழ வேண்டும். 2024-இல் நடந்தது இது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்.' என்னும் கருவியை லாஸ் காலின் என்பவர் பெரும்பாலும் தனியொருவராக, ஊதியமின்றிப் பேணிவந்தார். 2022-இல், வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று அவரை வற்புறுத்தும் மடல்கள் வந்தன. தமக்கு நெடுநாளாக மனநலக் குறைவு உள்ளது என்றும், இது ஊதியமற்ற பணி என்றும் அவர் பொதுவெளியில் மறுமொழி எழுதினார். அக்காலத்தில் உதவிக்கு வந்து நம்பிக்கை பெற்றவர் 'ஜியா டான்' என்னும் பெயருடையவர். அப்பெயருக்குரியவர் உண்மையில் யார் என்பது வெளிப்படவில்லை. அமானிதம் போல ஒப்படைக்கப்பட்ட கருவியில், 2024 பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளினூடே அவர் ஒரு கள்ளக்கதவைப் பொருத்தினார். உலகெங்கும் உள்ள சேவைக் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கு அது வழி வைத்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டு என்னும் பொறியாளர். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தை விட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் தோண்டிப் பார்த்து, மார்ச்சு 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அவர் பணியாற்றியது மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் என்பது ஒரு சுவையான செய்தி.

மூலத்தைத் திறந்து வைத்ததால்தான் இந்தத் தீங்கு நேர்ந்தது என்பார் சிலர். மூலம் மூடியிருந்தால் ஃப்ராய்ண்டு எதைத் தோண்டியிருப்பார் என்று அவர்கள் சொல்வதில்லை. எனினும், ஒரு மனிதர் அரை நொடியைப் பொருட்படுத்தியதால் நாம் தப்பினோம் என்பதும் மெய்யே. பெரிய நிறுவனங்கள் பலவும் அன்றாடம் பயன்படுத்திய ஒரு கருவியைச் சோர்ந்துபோன தனி மனிதர் ஒருவர் தோளிலேயே விட்டுவைத்திருந்தன. குறை மூலத்தைத் திறந்து வைத்ததில் இல்லை, இதில்தான் உள்ளது என்பது எம் கருத்து.

டெபியனின் நிலையான பதிப்பிலும் லினக்ஸ் மின்டிலும் பழைய எக்ஸ்.இசட். இருந்தமையால் அவற்றைப் பயன்படுத்துவோர் பாதிக்கப்படவில்லை. சோதனைப் பதிப்புகளும் சில புதுப் பதிப்புகளுமே அந்த வலையில் அகப்பட்டன. லாஸ் காலின் மீண்டும் பொறுப்பேற்று, கள்ளக்கதவை நீக்கிய 5.6.2 பதிப்பை அதே ஆண்டு மே இறுதியில் வெளியிட்டார்.

தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸில் அமைத்துக்கொள்ளும் முறையை அடுத்த திங்கள் பார்ப்போம்.