நெருப்புக்குக் காப்புறுதி உண்டு, நீருக்கு?

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது எனது களஞ்சியத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அடுக்கின் கீழ்வரிசையில் இருந்த மாவும் சீனியும் பருப்பும் போயின. நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வங்கிக் கடன் எடுத்தபோதே காப்புறுதி செய்தாயிற்றே என்ற தைரியம்தான். பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால், 'இது தீக்கும் மின்னலுக்கும் மட்டும், புயல் வெள்ளம் இதில் சேர்க்கப்படவில்லை' என்றார்கள். மேலதிகமாக ஒரு சிறு தொகை கட்டியிருந்தால் சேர்ந்திருக்கும். கையெழுத்துப் போட்ட நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியும் பார்க்கவில்லை.

நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் சரக்கு அனுப்பும் வழியில் சந்திக்கும் கடைக்காரர்களிடம் இதைக் கேட்டு வருகிறேன். பெரும்பாலானோரிடம் பத்திரமே இல்லை. இருப்பவர்களிடம் இருப்பதும் என்னுடையதைப் போன்றதுதான். வீடுகளின் நிலையைக் கேட்கவே வேண்டாம்.

தீவகத்துக்குப் புயல் புதிதல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த அதே புயல்தான் எமது வடபகுதியையும் புரட்டிப் போட்டது. 2008 இல் நிஷா வந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா நாடு முழுவதிலுமாக 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

'அரசாங்கம் தரும்' என்பார்கள். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் இயற்கை அனர்த்தத் திட்டம் 2016 இல் வந்தது. வீட்டுக்கும் சிறு வர்த்தகத்துக்கும் 25 இலட்சம் ரூபாய் வரை என்றார்கள். அந்த 'வரை' என்ற சொல்லை நம்மவர்கள் விட்டுவிட்டு வாசிக்கிறார்கள். அது உச்சவரம்பு, கைக்கு வரும் தொகையல்ல. கடையில் இருந்த சரக்கைக் கணக்குப் புத்தகத்தில் காட்ட முடியாதவர் எதை வைத்துக் கேட்பார்?

இன்னொரு சாட்டும் உண்டு. காப்புறுதி மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தக்காஃபுல் இந்நாட்டுக்கு வந்து கால் நூற்றாண்டாகிறது. பலர் அதையும் விசாரிக்கவில்லை என்பதால், இது தயக்கமா சோம்பலா என்று எனக்குச் சந்தேகம்.

விசாரிப்பவர்கள் கவனிக்க ஒரு விடயம். பத்து இலட்சம் பெறுமதியான சரக்கை ஐந்து இலட்சத்துக்குப் பதிந்துவிட்டால், இரண்டு இலட்சம் நட்டத்துக்கு ஒரு இலட்சம்தான் கிடைக்கும். குறைத்துப் பதிந்த விகிதத்தில் நட்டஈட்டையும் குறைப்பது பல பத்திரங்களில் உள்ள நிபந்தனை. பிரிமியத்தை மிச்சம்பிடிக்கப் போய் இதில் மாட்டியவர்கள் அநேகம்.

தீவகத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. காற்று அடித்தால் குறிகாட்டுவானில் படகு நிற்கும். மதிப்பீட்டாளர் வந்து சேர நாட்கள் ஆகும். நாறும் மூட்டைகளை அதுவரை யார் வைத்திருப்பார்? கடலில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறோம். படமெடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் வாங்கி, கம்பனிக்குத் தொலைபேசியில் அறிவித்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

தனித்தனியாகப் போனால் தீவுக் கடையென்று கம்பனிகள் முகம் சுளிக்கலாம். வர்த்தக சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து முப்பது நாற்பது கடைகளை ஒன்றாகக் கொண்டுபோனால் பேச்சு வேறாக இருக்கும். அடுத்த வாடைக் காற்றுக்கு முன் அந்தக் கூட்டத்தை யார் கூட்டுவது? எனது களஞ்சியத்தில் கூட்டலாம், தேநீர் என் செலவு.