கூலி கேட்காத குளவி

குளவி என்றால் எல்லோருக்கும் பயம். வீட்டில் கூடு கட்டினால் நெருப்பு வைத்துத் துரத்துகிறோம். ஆனால் மனிதரைக் கொட்டாத குளவியும் உண்டு. அதன் உடம்பு ஒரு மில்லி மீட்டர் நீளம்கூட இல்லை. பெயர்தான் பெரிது: டிரைக்கோகிரம்மா!

திருவதிகை, அப்பர் பெருமானின் சூலை நோய் தீர்ந்த ஊர். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காலையில் பறித்த கத்தரிக்காய் மத்தியானம் குழம்பில் கொதிக்கிறது. முந்தின நாள் அதன்மேல் விஷ மருந்து தெளித்திருந்தால்? நம் வயிற்றுக்குத்தானே வரும்!

தெளிக்கிறவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கத்தரிப் புழு பொல்லாதது. முட்டையிலிருந்து வந்ததும் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அப்புறம் மருந்து எட்டாது. சொத்தைக் காயை வியாபாரி ஒதுக்குவார். வாங்கிய கடன் நிற்கும். அந்தப் பயத்தில் மறுபடியும் தெளிக்கிறார்.

முட்டைக்குள் முட்டை

இந்தக் குளவி, புழு பிறக்கவே விடாது. அந்துப்பூச்சி இட்ட முட்டையைத் தேடிப் பிடித்து, அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும்!

கம்பில் வளரும் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இந்தக் குளவியை வளர்க்கிறார்கள். ஒரு சிறிய அட்டையில் சுமார் 20 ஆயிரம் முட்டைகள். அதைத் துண்டுகளாக்கிச் செடியில் கட்டவேண்டியதுதான். கரும்பு பயிரிடுகிறவர்களுக்கு இது பழைய செய்தி.

அட்டை ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். வாடிய குருத்தைக் கிள்ளி அழிக்கவேண்டும். எறும்பு தின்னாமல் பார்க்கவேண்டும். கட்டிய கையோடு விஷம் தெளித்தால் குளவிதான் முதலில் சாகும்.

நம் நாட்டில் நடந்தது

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, கத்தரி எதையும் விடவில்லை. உடம்பில் மெழுகுப் பூச்சு, மருந்து ஒட்டவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வேறொரு சிறு குளவியை வரவழைத்து விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவிக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

பிறகு ஏன் கத்தரித் தோட்டத்தில் விஷமே முந்துகிறது? விஷ டப்பா கடை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அட்டை அப்படியல்ல. சில நாளில் குளவி பறந்துவிடும். கடைக்காரர் எதற்கு வாங்கி வைப்பார்?

இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை. பால் வரும் நேரம் ஊருக்கே தெரிகிறது அல்லவா? அதுபோல, அட்டை வரும் நாளும் விலையும் திருவதிகை விவசாயிக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். கத்தரி நாற்று நடும்போதே வேளாண்மை அலுவலகம் அதை அறிவிக்கட்டும்.