மருத்துவக் கல்வியும் பொதுக் கல்வியும்: இணைப்பா, பிரிப்பா?

யாழ்ப்பாணத்தில் க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறு வெளியாகும் நாள், பல பிள்ளைகளுக்குத் தலையெழுத்து எழுதப்படும் நாளாகும். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் உயர்ந்த சித்தி பெற்ற பிள்ளை உயிரியற் பிரிவுக்கு அனுப்பப்படுகின்றது. அப்போது அதற்கு வயது பதினாறு. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் மூன்றனுள் அதன் உலகம் அடங்கிவிடுகின்றது. தமிழும் வரலாறும் சாதாரணதரத்துடனேயே விடைபெறுகின்றன. மருத்துவபீடத்துட் புகுந்தபின் ஐந்தாண்டு வைத்தியமாணி, சத்திரசிகிச்சைமாணிப் பட்டநெறி. அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. மனிதனின் உடலை இத்தனை ஆண்டுகள் படிப்பவர், அவன் வாழும் சமுதாயத்தை எப்போது படிக்கின்றார்? இவ்வினாவை எழுப்பவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. அங்கு நான்காண்டு இளமாணிப் பட்டம் பெற்ற பின்னரே நான்காண்டு மருத்துவக் கல்வி பெரும்பாலும் தொடங்கும். இவ்விரண்டையும் ஒரே அனுமதியில் இணைக்கும் பட்டநெறிகளும் அங்குண்டு. மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரப் பல்கலைக்கழகம் 1971 முதல் இரு பட்டங்களையும் ஆறாண்டுகளில் அளித்து வருகின்றது. பிரௌன் பல்கலைக்கழகம் 1984 இல் எட்டாண்டுத் திட்டமொன்றை ஆரம்பித்தது. அதிற் சேரும் மாணவர் முதல் நான்காண்டுகளில் இலக்கியமோ தத்துவமோ தாம் விரும்பிய துறையைப் பயிலலாம். பிரித்தானியாவில் மருத்துவ மாணவர் இடையில் ஓராண்டை ஒதுக்கி வேறொரு பட்டத்தையும் பெற வழியுண்டு.

புலம்பெயர்ந்த எம் உறவினர் தம் பிள்ளைகளுக்கு எதனைத் தெரிவது என்று ஆலோசிக்கும்போது, அவர்களுட் பலர் இணைந்த பட்டநெறியையே நாடுகின்றனர். ஏனெனில் அதில் மருத்துவ ஆசனம் முற்கூட்டியே உறுதியாகிவிடுகின்றது. கடல் கடந்தும் எம்மவர் மனப்பாங்கு மாறவில்லை. இணைப்பின் பயன் கல்வியின் விரிவில் இருக்க, அவர்களோ ஆண்டுக் கணக்கையும் ஆசனத்தின் உறுதியையுமே நோக்குகின்றனர்.

இம்மனப்பாங்குக்கு வரலாற்றுக் காரணமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1971 ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. தரப்படுத்தல் என்னும் அவ்வநீதி ஒரு தலைமுறையின் நெஞ்சைச் சுட்டது. பறிக்கப்பட்ட ஆசனம் புனிதப் பொருளாயிற்று. ஆயினும், இழந்த ஆசனத்துக்காகப் போராடிய சமுதாயம், கிடைத்த ஆசனத்தில் அமர்பவருக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்று இன்றுவரை போதியளவு சிந்திக்கவில்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

இம்மண்ணுக்கு இது புதிய சிந்தனையன்று. 1823 இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் ஒரே கூரையின்கீழ்ப் பயிலப்பட்டன. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணவரின் துணையுடன் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். கலைச்சொல் ஆக்கத் தெரிந்த கையே சத்திரமும் பிடித்தது. அம்மாணவருக்கு மொழியறிவு மருத்துவத்துக்குப் புறம்பான அலங்காரமாகவா இருந்தது?

அண்மைக் காலத்துக்கும் வருவோம். எமது மருத்துவபீடம் 1978 இல் ஆரம்பிக்கப்பட்டது. அதிற் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சிவஞானசுந்தரமே, ‘நந்தி’ என்ற பெயரில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ‘மலைக்கொழுந்து’ நாவலாக்கியவர். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் எம்மக்கள் மனத்தில் விட்ட காயங்களை ஆராய்ந்து ‘மனவடு’ என்னும் நூலைத் தமிழில் எழுதினார். குடும்பமும் ஊரும் சடங்கும் இன்னவென்று அறியாதவர் அவ்வாய்வைச் செய்திருக்க முடியாது. இவர்கள் தம் சொந்த முயற்சியால் அப்பரந்த அறிவைத் தேடிக்கொண்டவர்கள். தனிமனிதர் சிலரின் வேட்கையில் தங்கியிருப்பதைப் பாடத்திட்டமாக்க வேண்டாமா?

“ஐந்தாண்டே அதிகம், இன்னும் ஓராண்டா?” என்று கேட்பர். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்ற இடமுண்டு. மருத்துவ ஆசனத்துக்காக இரண்டாந்தரமும் மூன்றாந்தரமும் அதே வினாக்களுக்கு அதே விடைகளை மனனஞ் செய்து ரியூட்டரி வாங்குகளிற் கழியும் ஆண்டுகளை எவரும் விரயமென்று சொல்வதில்லை. புதிதொன்றைக் கற்கும் ஓராண்டு மட்டும் எங்ஙனம் விரயமாகும்?

“வேலையற்ற பட்டதாரிகளை உருவாக்கும் கலைப்பீடம் வைத்தியருக்கு எதைக் கற்பிக்கும்?” என்பது அடுத்த ஏளனம். வைத்தியர் கற்பது ஆங்கிலத்தில். நோயாளி பேசுவது தமிழில். ‘உட்காய்ச்சல்’ என்றும் ‘நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது’ என்றும் ஒரு தாய் சொல்லும்போது அதற்குள் காணாமற்போன மகனும் இருக்கலாம், கட்டித் தீராத கடனும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை அவற்றைக் காட்டாது. மொழியும் சமூகவியலும் வரலாறும் பயின்றவர் குறைந்தபட்சம் அடுத்த கேள்வியைக் கேட்பார். நோயை அறியும் முயற்சியில் அதுவும் ஒரு பகுதியே.

எனவே எமது கோரிக்கை எளியது. மருத்துவ மாணவருள் விரும்புவோர், மூன்றாம் ஆண்டின் பின் ஓராண்டு கலைப்பீடத்திலோ விஞ்ஞானபீடத்திலோ பயின்று அதற்குரிய பட்டமும் பெற வழி செய்க. அனைவரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. மூதவையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் மனங்கொண்டாற் போதும். திருநெல்வேலி வளாகத்துக்கும் மருத்துவபீடத்துக்கும் இடையிலுள்ளது நடந்து செல்லும் தூரமே. அத்தூரத்தை இரு பகுதி மாணவரும் கடக்கத் தொடங்கினால், பதினாறு வயதிற் பிரிக்கப்பட்ட எம் தலைமுறை மீண்டும் ஒரே வகுப்பறையிற் சந்திக்கும். அதற்கான விவாதத்தை எம் தமிழ்ச் சங்கமே இவ்வாண்டிற் தொடக்கி வைக்கட்டும்; மருத்துவபீட நண்பர்களை அதற்கு அழைக்கும் பொறுப்பும் எமதே.